கண்ட திரையும் காணாத பதிவும்

கணினி விசைப்பலகையின் மேல்வரிசையில், வலப்பக்கமாக, ஆண்டுக்கணக்கில் விரல் படாமல் தூசி ஏறிக் கிடக்கும் விசை ஒன்று உண்டு. 'பிரிண்ட் ஸ்கிரீன்' என்பது அதன் பெயர். 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்டபோது, அவ்விசை பெயருக்கேற்ற தொழிலையே செய்து வந்தது. 'ஷிப்ட்' விசையோடு சேர்த்து அழுத்தினால், திரையிலுள்ள எழுத்துகள் அச்சுப்பொறியின் வழியே தாளில் வந்து விழும். விண்டோஸ் வந்த பின்னர் அச்சிடும் வேலை அதனைவிட்டு நீங்கிற்று. திரையின் தோற்றம் படமாகி, 'கிளிப்போர்டு' எனப்படும் தற்காலிக நினைவிடத்தில் போய்த் தங்கலாயிற்று. இவ்வாறு கிடைக்கும் படத்தைத் 'திரைப்படம்' என்றழைத்தால் கேட்பவர் கதாநாயகன் யாரென்று வினவக்கூடும். ஆதலால் 'திரைப்பிடிப்பு' என்னும் சொல்லே பொருந்தும்.

விரல் தொடாமல், கணினியில் ஓடும் நிரலே திரையைப் பிடித்து வைக்கவேண்டிய தேவை யாருக்கு வரும்? செம்பனைத் தோட்டங்களை ஒட்டியிருந்த ஒரு தமிழ்ப்பள்ளியின் அலுவலகத்திற்கு வந்தது.

மலேசியப் பள்ளிகளில் பாடநூல் இரவல் திட்டம் 1975ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர்க்குப் பாடநூல்கள் இரவலாக வழங்கப்படும். ஆண்டிறுதியில் அவை திரும்ப வந்தாகவேண்டும். தொலைந்த நூலுக்குப் பெற்றோர் ஈடு செய்தாகவேண்டும். இந்த வரவு செலவு எளிதன்று. நூல் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. பிள்ளை ஒவ்வொருவருக்கும் பல நூல்கள் உண்டு. ஆகவே அப்பள்ளியின் இளம் ஆசிரியர் ஒருவர், உள்கணக்குக்கென மைக்ரோசாப்ட் ஆக்செஸில் ஒரு தரவுத்தளம் அமைத்துக் கொடுத்திருந்தார். 1992ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஆக்செஸ், கற்றுத் தேர்ந்த நிரலர் அல்லாதவரும் அட்டவணைகளையும் படிவங்களையும் அமைத்துக் கொள்ள இடந்தருவது. இணையத் தொடர்பு அறுந்த நாளிலும் அலுவலகத்துக் கணினியிலேயே இயங்குவது. அவ்வாசிரியர் விஷுவல் பேசிக் மொழியைத் தாமே கற்றவர். தம் ஆக்கத்தின்மேல் அவருக்குப் பெருமிதம் இருந்தது, அது தவறுமன்று.

அதனை நாள்தோறும் பயன்படுத்தியவர், இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய அம்மையார். பிள்ளையின் பெயரைத் தேடி, நூலின் எண்ணைச் சரிபார்த்து, 'திருப்பப்பட்டது' என்ற கட்டத்தில் குறியிட்டு, நாளையும் பதிவு செய்து, அடுத்த பிள்ளையை அழைப்பார். ஓய்வுநேர மணி அடித்தாலோ, தொலைபேசி ஒலித்தாலோ, 'மூடு' என்னும் பொத்தானைச் சொடுக்கிவிட்டு எழுந்து போவார்.

நூல் திரும்பும் வாரத்தின் இரண்டாம் நாள் ஒரு தாய் வந்து நின்றார். மகள் நான்காம் ஆண்டு அறிவியல் நூலைத் திருப்பவில்லை என்று கடிதம் போயிருந்தது. அரைநாள் கூலியை இழந்து வந்தவர் அவர். "என் பிள்ளை கொடுத்துவிட்டது என்று சொல்கிறதம்மா. அது பொய் சொல்லாது," என்றார். எழுத்தர் அம்மையாருக்கும் நினைவிருந்தது. அந்தச் சிறுமி வரிசையின் கடைசியில் நின்றதும், அவளுக்குக் குறியிட்ட கையோடு மணி அடித்ததும் கண்முன்னே இருந்தன. ஆனால் திரையில் கட்டம் வெறுமையாக இருந்தது. அழைக்கப்பட்ட இளம் ஆசிரியர் அட்டவணையைத் திறந்து பார்த்தார், அங்கும் வெறுமை.

"அக்கா, நீங்கள் குறியிட்டிருந்தால் அது இங்கே இருக்கும். கணினி பொய் சொல்லாது," என்றார் அவர்.

அம்மையார் ஒன்றும் பேசவில்லை. தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்து நூலின் விலையைச் செலுத்திவிட்டுப் போனார். திரும்பி வந்த நூல்கள் அப்போது வகைப்படுத்தப்படாமல், கட்டுக் கட்டாகப் பண்டக அறையில் அடுக்கப்பட்டிருந்தன. கட்டுகளை அவிழ்த்துத் தேடியிருந்தால் அன்றே வழக்கு தீர்ந்திருக்கும் என்பார் உளர். உண்மைதான். ஆனால் அட்டவணை இல்லையென்று சொன்ன ஒரு பொருளை அறையில் போய்த் தேடும் பழக்கம், கணினி வந்த நாளாய் அலுவலகங்களில் அருகி வருகிறது.

மறுநாள் அம்மையாரின் மேசைமேல் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று ஏறியது. திரும்பி வந்த நூல் ஒவ்வொன்றையும் முதலில் அதில் பேனாவால் எழுதிவிட்டே கணினியில் பதிந்தார். மூன்று நாள் சென்றதும், யாரும் கேளாமலே, அக்குறிப்பேட்டை இளம் ஆசிரியரின் முன் வைத்தார். குறிப்பேட்டில் இருந்தவற்றுள் நான்கு, அட்டவணையில் இல்லை.

அவர் முகம் மாறிற்று. அன்று மாலை தம் மடிக்கணினியில் நூறு பதிவுகளை இட்டுப் பார்த்தார், ஒன்றும் தவறவில்லை. பிழை தம் கையில் அகப்படாது, அம்மையாரின் கையில் மட்டுமே நிகழ்கிறது என்றால், அந்நொடியில் அவர் கண்ட திரையைக் கண்டாலன்றி வழியில்லை. அட்டவணை இறுதியில் எது எஞ்சியதோ அதனை மட்டுமே காட்டும். சேமிக்கப்படாமல் மறைந்தது அங்கே இராது. எனவே 'மூடு' பொத்தான் சொடுக்கப்படும் ஒவ்வொரு முறையும், படிவம் மறையும் முன்னர், நிரலே அதனைப் படம்பிடித்து வைக்கவேண்டும் என்று துணிந்தார்.

ஆக்செஸுக்குத் தன் திரையைத் தானே படம்பிடிக்கும் கட்டளை கிடையாது. விண்டோஸின் உள்ளுறைச் செயற்கூறுகளைத்தான் நாடவேண்டும். எளிய வழி, விசையை அழுத்துவதுபோல் நடிப்பது. ஒவ்வொரு விசைக்கும் விண்டோஸில் ஓர் எண் உண்டு. பிரிண்ட் ஸ்கிரீனின் எண் 44. அந்த எண்ணை நிரலிலிருந்து அனுப்பினால், விரல் அழுத்தியதாகவே விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். 'ஆல்ட்' விசையையும் சேர்த்து அனுப்பினால் முன்னிற்கும் சாளரம் மட்டும் படமாகும். பிறகு கிளிப்போர்டைத் திறந்து, படத்தை எடுத்து, கோப்பாகச் சேமிக்கலாம். ஆசிரியர் ஓரிரவில் இதனை எழுதி முடித்து, மறுநாள் பொருத்தினார்.

மாலையில் படங்களைத் திறந்தவருக்குத் திடுக்கிட்டது. ஒரு பிள்ளையின் பதிவு எண்ணைத் தாங்கிய கோப்பினுள் வேறொரு பிள்ளையின் படிவம் இருந்தது! நிரல் விசையை அழுத்திய மறுகணமே கிளிப்போர்டைத் திறந்துவிடுகிறது. விண்டோஸ் படத்தை அங்கே கொண்டுவந்து வைக்கச் சிறிது நேரம் வேண்டும். அதற்குள் எடுத்தால், முன்பு எடுத்த படமே திரும்பக் கையில் வரும். சான்று இல்லாமலிருப்பது ஒரு குறை. ஒருவரின் பெயரில் மற்றொருவரின் சான்று இருப்பதோ அதனினும் கொடிது. முதலில் கிளிப்போர்டை வெறுமையாக்கி, புதிய படம் வரும் வரை காத்திருந்து, அதன்பின் எடுக்குமாறு அவர் திருத்தினார்.

அதனால் வேறொரு தொல்லை விளைந்தது. அம்மையார் பிள்ளைகளின் பெயரைப் பட்டியலிலிருந்து நகலெடுத்துக் கடிதத்தில் ஒட்டும் வழக்கமுடையவர். அன்று ஒட்டினால், பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு பெரிய படம் வந்து உட்கார்ந்தது. "சார், என் கடிதத்துக்குள் உங்கள் படிவம் வருகிறதே!" என்று அவர் வியந்தார். கிளிப்போர்டு பயனருக்குரிய இடம். அங்கே கைவைக்கும் நிரல், விருந்துக்கு வந்து வீட்டுக்காரரின் பெட்டியைத் துழாவுவதற்கு ஒப்பாகும். தவிரவும், அண்மைய விண்டோஸ் பதிப்புகளில் அவ்விசை திரையை வெட்டும் கருவியைத் திறக்குமாறு அமைந்திருப்பதும் உண்டு. ஆசிரியர் அவ்வழியைக் கைவிட்டார்.

இரண்டாவது வழி சற்றுக் கடினமானது. ஆனால் யாருடைய பெட்டியையும் தொடாதது. திரையின் படப்புள்ளிகளை நேரே ஒரு நினைவகப் படத்தில் படியெடுத்துக் கொள்வது அது. ஆக்செஸின் படிவத்துக்கு விண்டோஸ் வழங்கிய அடையாள எண் உண்டு. ஆனால் படிவத்தின்மேல் காணப்படும் பெட்டிகளுக்கும் கட்டங்களுக்கும் அத்தகைய தனி எண் நிலையாக இருப்பதில்லை. அவற்றை ஆக்செஸ் தானே வரைந்து காட்டுகிறது. ஆகையால் குறியிடும் கட்டத்தை மட்டும் கேட்டுப் பெற இயலாது. படிவம் முழுவதையும் படியெடுக்கவேண்டும். அதிலும் திரையில் தெரியும் பகுதியே கிடைக்கும். உருட்டிப் பார்க்கவேண்டிய பகுதி கிடைக்காது. படிவத்தின்மேல் வேறு சாளரம் மறைத்து நின்றால், அதுவே படத்தில் விழும். இவரது படங்கள் சிலவற்றில், மூலையில் எங்கிருந்தோ வந்த ஓர் அறிவிப்பு, பிறந்தநாள் வாழ்த்துடன் பதிந்திருந்தது.

அதனினும் பெரிய தவறு அளவில் நேர்ந்தது. ஆக்செஸ் தன் படிவங்களை 'டுவிப்' என்னும் நுண்ணளவால் அளக்கிறது. ஓர் அங்குலத்துக்கு 1,440 டுவிப். சாதாரணத் திரை அமைப்பில் அங்குலத்துக்கு 96 புள்ளிகள். ஆகவே ஒரு புள்ளிக்கு 15 டுவிப். ஆசிரியர் 15ஆல் வகுத்துக் கணக்கிட்டிருந்தார். மடிக்கணினியில் படம் முழுமையாக வந்தது. அலுவலகத்துக் கணினியிலோ வலப்புறமும் கீழ்ப்புறமும் ஐந்தில் ஒரு பங்கு வெட்டுண்டு வந்தது. காரணம் மிக எளிது. அம்மையாருக்குப் பார்வை சற்று மங்கியிருந்ததால், எழுத்துகள் பெரிதாகத் தெரியும்படி திரையை 125 விழுக்காட்டுக்கு அமைத்திருந்தார். அங்கே ஒரு புள்ளிக்கு 12 டுவிப். நிரல் எழுதுவோர் தம் கண்ணின் அளவையே உலகத்தார் கண்ணின் அளவாகக் கொள்வது புதிதன்று. வெட்டுண்டு போன அவ்வலப்பகுதியில்தான் 'திருப்பிய நாள்' என்ற பெட்டி இருந்தது என்பதை அப்போது அவர் பொருட்படுத்தவில்லை. தாமே கணக்கிடுவதை விட்டு, சாளரத்தின் நான்கு ஓரங்களையும் விண்டோஸிடமே கேட்டுப் பெறுமாறு மாற்றியதும் படம் முழுமை பெற்றது.

சேமிப்பிலும் சில பாடங்கள் கிடைத்தன. கோப்புக்கு மாணவரின் பெயரையும் நேரத்தையும் இட எண்ணினார். நம் நாட்டில் நம்மவர் பெயர்கள் பலவற்றில் 'அ/லெ', 'அ/பெ' என்னும் சாய்கோடு மலாய் எழுத்தில் இடம்பெறுவதுண்டு. கோப்பின் பெயரில் சாய்கோட்டை விண்டோஸ் ஏற்பதில்லை; நேரத்தைக் குறிக்கும் முக்காற்புள்ளியையும் ஏற்பதில்லை. முதல் நாள் மாலை, சீன நண்பரொருவர் தம் மகனுக்குச் சேர்த்திருந்த பதிவு ஒன்று மட்டுமே சேமிக்கப்பட்டிருந்தது. ஏனைய தமிழ்ப் பிள்ளைகள் அனைவரும் சாய்கோட்டில் தடுக்கி விழுந்திருந்தனர். அதன்பின் பதிவு எண்ணும் நாளும் மட்டுமே கோப்பின் பெயராயின. படங்களைத் தரவுத்தளத்துக்குள்ளேயே வைக்கும் எண்ணமும் கைவிடப்பட்டது. 1920க்கு 1080 என்ற அளவுடைய முழுத்திரை, புள்ளிக்கு நான்கு பைட்டாகச் சுருக்கப்படாமல் சேர்ந்தால் 8,294,400 பைட் ஆகும். ஆக்செஸ் கோப்பின் உச்ச வரம்பு 2 ஜிகாபைட். இருநூற்றைம்பது படங்களைச் சற்றுத் தாண்டியதும் பாடநூல் கணக்குக்கே இடமிராது. படங்கள் வெளிக்கோப்புறையில் கிடக்க, அவற்றின் முகவரி மட்டும் அட்டவணையில் ஏறியது. படியெடுக்க வாங்கிய நினைவகக் கருவிகளை ஒவ்வொரு முறையும் விண்டோஸிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதையும் அவர் மறக்கவில்லை. ஒரு செயலி அவ்வாறு வைத்திருக்கக்கூடிய கருவிகளுக்கு வழக்கமான வரம்பு 10,000. திருப்பாதவர் கணினியில், நண்பகலுக்குள் படிவங்கள் வரையப்படாமல் நின்றுவிடும். இரவல் வாங்கிய நூலைத் திருப்பாத மாணவர்க்குக் கடிதம் அனுப்பும் நிரலுக்கு இது தக்க நெறிதான்!

இவற்றுக்கிடையே அம்மையார் ஒருநாள் கேட்டார்: "சார், இந்தப் படமெல்லாம் என்னைக் கண்காணிக்கவா?"

ஆசிரியர் அதற்கு ஆயத்தமாக இல்லை. பிழையைப் பிடிக்கும் ஆர்வத்தில், அங்கே அமர்ந்திருப்பவர் ஒரு மனிதர் என்பது அவர் எண்ணத்தில் எழவேயில்லை. "இல்லை அக்கா, நான் எழுதியதைத்தான் கண்காணிக்கிறேன்," என்றார். சொன்னதோடு நில்லாமல், படம் எடுக்கப்படும் ஒவ்வொரு முறையும் சாளரத்தின் அடிப்பட்டையில் 'படம் எடுக்கப்பட்டது' என்னும் வரி தோன்றச் செய்தார். எந்தக் கோப்புறையில் உள்ளது, எப்போது அழிக்கப்படும் என்பதையும் சொல்லி வைத்தார்.

படங்களில் வேறொன்றும் பதிந்தது. பிள்ளைகளின் அடையாள எண் பன்னிரண்டு இலக்கம் கொண்டது. அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும் மாதத்தையும் நாளையும் சொல்லிவிடும். கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பது ஆணா பெண்ணா என்பதைச் சொல்லிவிடும். அட்டவணையில் பூட்டப்பட்டிருந்த அந்த எண், படத்தில் யாரும் படிக்கும்படி நின்றது. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15ஆம் நாள் நடப்புக்கு வந்தது. வணிக நடவடிக்கைகளை நோக்கியது அது. சட்டம் பள்ளி அலுவலகத்தின் கதவைத் தட்டுமோ தட்டாதோ, பிள்ளையின் எண்ணைக் காப்பது ஆசிரியரின் கடமை. படம் எடுக்கும் முன்னர் எண்ணை மறைத்தால், அம்மையார் கண்ட திரையும் படமும் வேறாகிவிடும். ஆதலால் படத்தை எடுத்த பின்னர், சேமிக்கும் முன்னர், அந்த இடத்தின்மேல் ஒரு கரும்பட்டையைத் தீட்டினார்.

எட்டாம் நாள் குறிப்பேட்டில் இருந்த ஒரு பதிவு மீண்டும் அட்டவணையில் காணாமற் போனது. ஆசிரியர் அதற்குரிய படத்தைத் திறந்தார். 'திருப்பப்பட்டது' என்ற கட்டத்தில் குறி தெளிவாக இருந்தது. வலப்பக்கத்தில் 'திருப்பிய நாள்' வெறுமையாக இருந்தது. இடப்பக்க விளிம்பில் ஒரு சிறு பென்சில் தோன்றியது. இந்தப் பதிவு மாற்றப்பட்டுள்ளது, இன்னும் சேமிக்கப்படவில்லை என்று ஆக்செஸ் காட்டும் அடையாளம் அது.

நெடுநேரம் அவர் அதனையே நோக்கியிருந்தார். குறியிட்டால் நாளும் இருக்கவேண்டும் என்று அட்டவணையில் விதி அமைத்தவர் அவரே. நாளை விட்டுவிட்டு அடுத்த பதிவுக்குப் போக முயன்றால், ஆக்செஸ் எச்சரித்துத் தடுக்கும். அம்மையாரும் நாளை இட்டுவிட்டுப் போவார். ஆனால் 'மூடு' பொத்தானின் பின்னே அவர் எழுதியிருந்த ஒற்றைக் கட்டளை, விதிக்கு ஒவ்வாத பதிவைச் சேமிக்க முடியாதபோது ஓசையின்றிக் கைவிட்டுப் படிவத்தை மூடிவிடும். ஒரு சொல் எச்சரிக்கையும் வராது. மூடுமுன் பதிவைச் சேமிக்கச் சொல்லும் ஒரு வரியை அதற்குமேல் எழுதியிருக்கவேண்டும், எழுதவில்லை. மடிக்கணினியில் சோதித்த நூறு பதிவுகளிலும் அவர் நாளைத் தவறாமல் இட்டிருந்தார். அவருக்கு மணி அடிக்கவில்லை, தொலைபேசி ஒலிக்கவில்லை, வாசலில் யாரும் நிற்கவில்லை. அலுவலகத்திலோ, வரிசையின் கடைசியில் நின்ற பிள்ளைதான் ஒவ்வொரு முறையும் அகப்பட்டது.

விடுபட்ட வரியை அன்றே சேர்த்தார். பிறகு பண்டக அறைக்குப் போய், கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். குறிப்பேடு தொடங்கும் முன்னர் வந்த அந்த அறிவியல் நூல், மூன்றாம் கட்டில், அதே எண்ணோடு இருந்தது. நூலையும் தாய் செலுத்திய பணத்தையும் எடுத்துக்கொண்டு அம்மையாரிடம் வந்தார்.

"அக்கா, நீங்கள் சரியாகத்தான் குறியிட்டிருக்கிறீர்கள். அன்று உங்களிடம் அப்படிப் பேசியிருக்கக்கூடாது. தவறு என்னுடையது," என்றார்.

"அந்த அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள் சார். அந்தப் பிள்ளையிடமும் சொல்லுங்கள்," என்றார் அம்மையார்.

அன்று மாலை ஆசிரியர் தோட்டக் குடியிருப்புக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். நூல் திரும்பும் நாள்கள் முடிந்ததும், சொன்னபடி, படங்கள் அனைத்தையும் அம்மையாரின் முன்னிலையிலேயே அழித்தார். படம்பிடிக்கும் பகுதியையும் நிரலிலிருந்து நீக்கிவிட்டார். இப்போது நாளை இடாமல் 'மூடு' என்று சொடுக்கினால், படிவம் மூடாமல் நின்று எச்சரிக்கிறது.

அடுத்த ஆண்டு நூல்கள் வழங்கப்பட்டபோது, அம்மையாரின் மேசைமேல் புதிய குறிப்பேடு ஒன்று இருந்தது. இம்முறை எண்பது பக்கம்.